கடல் கடந்த கல்யாணம்

கல்யாணப் பத்திரிகை வந்தால் நம்மவர்கள் முதலில் பார்ப்பது முகூர்த்த நேரத்தை அல்ல. எந்த ஊர் என்பதைத்தான். மற்ற எல்லாம் ஊரைப் பொறுத்தது. காஞ்சிபுரம் என்றால் காலையில் குளித்துவிட்டுப் பஸ் ஏறி, தாலி கட்டும் நேரத்துக்கு அட்சதை போட்டு, சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். மதுரை என்றால் ராத்திரி ரயிலும் இரண்டு நாள் லீவும் வேண்டும். பத்திரிகையில் அச்சிட்டிருக்கும் ஊர் சமுத்திரத்துக்கு அப்பால் இருந்துவிட்டால் என்ன செய்வது?

சென்ற தை மாதம் எங்கள் ஏனாத்தூருக்கு அப்படி ஒரு பத்திரிகை வந்து சேர்ந்தது. கல்யாணம் நடக்கும் இடம் இலங்கையில், கடலோரத்தில் ஒரு ஹோட்டல். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இலங்கையோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருவருக்கும் பெங்களூரில் உத்தியோகம். கடற்கரையில் மணவறை போட்டால் அழகாக இருக்கும் என்று இருவரும் தீர்மானித்துவிட்டார்கள், பெற்றவர்கள் தலையாட்டிவிட்டார்கள். இப்போது இதெல்லாம் சகஜம் என்கிறார்கள்.

நாவல் எழுதுகிறவனுக்கு உலக விஷயங்கள் எல்லாம் தெரிந்திருக்கும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. பாஸ்போர்ட்டுக்கு எப்படி மனுப் போடுவது, அங்கே நம் ரூபாய் செல்லுமா, முறுக்கும் அதிரசமும் எடுத்துப் போனால் பிடுங்கிக்கொள்வார்களா என்றெல்லாம் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். பெண்ணின் அத்தைப் பாட்டி ஒருத்தி மட்டும் இந்தச் சில்லறை விஷயங்களைக் கேட்கவில்லை.

"ஏன் தம்பி, கல்யாணம்னா பொண்ணு வூட்டு வாசல்லே பந்தல் போடுவாங்க, இல்லாட்டி மாப்பிள்ளை வூட்டு வாசல்லே போடுவாங்க. ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத மண்ணுலே யாராச்சும் பந்தக்கால் நட்டது உண்டா? நம்ம சனம் எப்பவாச்சும் கடலைத் தாண்டிப் போய்க் கல்யாணம் பண்ணியிருக்கா?" என்று கேட்டாள்.

அவளுடைய முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு நிறையப் பதில் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடலைத் தாண்டுவது தோஷம் என்ற எண்ணம் நம் நாட்டில் வெகு காலம் இருந்தது. 1888-ல் மகாத்மா காந்தி சட்டம் படிக்க லண்டனுக்குப் புறப்பட்டபோது பம்பாயில் அவருடைய ஜாதிக் கூட்டத்தார் அவரைத் தள்ளிவைத்தார்கள். கும்பகோணத்தில் படித்து வளர்ந்த கணித மேதை ராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜுக்குப் போய், 1919-ல் நோயாளியாகத் திரும்பி, 1920-ல் காலமானார். அவர் கடல் கடந்தவர் என்பதற்காக உறவினர் பலர் அவருடைய அந்திமக் கிரியைக்குக் கூட வரவில்லை. படிப்புக்காகவும் கணிதத்துக்காகவும் கடல் தாண்டியவர்களுக்கு இந்தக் கதி. ஆனால் அவர்களுக்கெல்லாம் பல காலம் முன்பே, ஒரு தடவை அல்ல, பல தடவைகள், மதுரைச் சீமையிலிருந்து பெண்ணும் பெண் வீட்டாருமாகக் கடல் தாண்டிப் போய்க் கல்யாணம் செய்துகொடுத்திருக்கிறார்கள். போன இடமும் இதே இலங்கைதான்.

இந்தக் கதைக்கு ஒரு புராண முன்னுரையும் இருக்கிறது. இலங்கையின் பழைய பாலி நூலான மகாவம்சம், விஜயன் என்ற ராஜகுமாரன் எழுநூறு தோழர்களோடு அங்கே வந்து இறங்கியதைச் சொல்கிறது. அவனுக்கு அந்த மண்ணில் முதலில் துணையானவள் குவேனி என்ற யக்ஷப் பெண். அவளுடைய உதவியால்தான் அவனுக்கு நாடே கிடைத்தது. இரண்டு குழந்தைகளும் பிறந்தன. ஆனால் பட்டாபிஷேகம் என்று வந்தபோது, சமமான குலத்து ராணி பக்கத்தில் இல்லாமல் முடிசூட மாட்டேன் என்று விஜயன் சொல்லிவிட்டான். மந்திரிகள் முத்தும் மணியும் கொடுத்து மதுரைக்குத் தூது அனுப்பினார்கள். பாண்டிய மன்னன் தன் மகளை அனுப்பினான். மகளை மட்டுமா? தோழர்கள் எழுநூறு பேருக்கும் பெண்கள், யானைகள், குதிரைகள், பதினெட்டு வகைத் தொழிலாளரில் ஆயிரம் குடும்பங்கள்! எல்லோரும் மாந்தைத் துறையில் போய் இறங்கினார்களாம்.

இதை அப்படியே சரித்திரம் என்று ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை. நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சுமார் ஆயிரம் வருஷம் கழித்து எழுதப்பட்ட கதை அது. ஆனாலும் அந்தக் கதையில் ஓர் உண்மை இருக்கிறது. அக்கரையில் அரசு நிலைக்க வேண்டுமானால் இக்கரையிலிருந்து பெண் வரவேண்டும் என்று இலங்கைக்காரர்களே வெகு காலமாக நம்பி வந்தார்கள் என்பதுதான் அது. குவேனி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். துரத்தப்பட்டுத் தன் இனத்தாரிடம் திரும்பிப் போனாள். அவர்கள் அவளைத் துரோகி என்று கொன்றுவிட்டார்கள். குழந்தைகள் மலைக்காட்டுக்குள் ஓடிப் பிழைத்தன. பாண்டிய ராணிக்கோ ஆண் வாரிசு இல்லாமற் போயிற்று. இந்தக் கடைசி விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி உண்மையான சரித்திரத்துக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் கடற்கரைப் பகுதிகள் போர்ச்சுகீசியர் கையிலிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறின. 1658-ல் யாழ்ப்பாணமும் விழுந்தது. அதே வருஷம் தூத்துக்குடியும் டச்சுக்காரர் வசமாயிற்று. நடு மலைநாட்டில் கண்டி ராஜ்யம் மட்டும் சுதந்திரமாக நின்றது. துறைமுகங்களை ஒவ்வொன்றாக இழந்து, நாலு பக்கமும் கடல் இருந்தும் கடலுக்கு வழியில்லாத அரசாக அது ஆகிவந்தது.

அந்தக் கண்டி மன்னர்களுக்கு மதுரையிலிருந்து பெண் வேண்டியிருந்தது. காரணம் கௌரவம் மட்டும் அல்ல. ராஜா உள்ளூர்ப் பிரபு ஒருவர் வீட்டில் பெண் எடுத்தால் அந்தக் குடும்பத்தின் கை ஓங்கிவிடும். மற்றப் பிரபுக்கள் பொறுக்கமாட்டார்கள். பட்டத்து ராணி ராஜ குலத்தவளாக இருக்கவேண்டும், அவள் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் பட்டம் என்று சம்பிரதாயமும் இருந்தது. மாமனார் கடலுக்கு அப்பால் இருந்தால் உள்ளூரில் ஒருவருக்கும் ஏற்றமில்லை, இறக்கமுமில்லை. விஜயநகரத்தின் வழிவந்த மதுரை நாயக்கர்கள் அப்போது தென்னாட்டில் பெரிய வம்சம். சிம்மாசனத்தில் இருந்த நாயக்கரே தம் மகளைக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. அவர்களுடைய உறவுமுறைக் குடும்பங்களிலிருந்துதான் பெண்கள் போனார்கள் என்று தெரிகிறது.

அப்படிப் போனவர்களில் ஒருத்தியைப் பற்றி ஓர் ஆங்கிலேயன் எழுதிவைத்திருக்கிறான். ராபர்ட் நாக்ஸ் என்ற மாலுமி 1660-ல் கண்டி ராஜாவின் ஆட்களிடம் அகப்பட்டு, ஏறக்குறைய இருபது வருஷம் அந்த நாட்டிலேயே கைதியாக இருந்து, 1679-ல் தப்பி ஓடினான். 1681-ல் லண்டனில் அவனுடைய புத்தகம் வெளிவந்தது. அப்போது கண்டியை ஆண்டவன் இரண்டாம் ராஜசிங்கன். அவனுடைய ராணி 'மலபார்ப் பெண். அக்கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவள்' என்கிறான் நாக்ஸ். ஐரோப்பியர் அந்த நாளில் தமிழ் நாட்டவர்களையும் மலபார்கள் என்றே அழைத்தார்கள். ராஜா கண்டி நகரத்தை விட்டு வேறிடத்தில் வாசம் செய்தான். ராணி கண்டியிலேயே இருந்தாள். இருபது வருஷமாக அவன் அவளைப் பார்க்கவில்லையாம். அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை, புருஷனுடைய துணை ஒன்றைத் தவிர என்று நாக்ஸ் எழுதுகிறான்.

இந்த இடத்தைப் படிக்கும் போதெல்லாம் நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவது வழக்கம். கதை எழுதுகிறவன் ஐந்நூறு பக்கம் எழுதினாலும் இதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்? அந்தப் பெண்ணின் பேர் என்னவென்று நாக்ஸ் சொல்லவில்லை. கைதியாக வந்த வெள்ளைக்காரன் காடு மேடெல்லாம் ஓடித் தப்பித்துவிட்டான். கல்யாணமாகி வந்தவளுக்குத் தப்பிக்க வழியில்லை.

பிரயாண ஏற்பாடுகளைப் பற்றியும் நாக்ஸ் ஒரு ருசிகரமான செய்தி சொல்கிறான். கண்டி நாட்டின் ஒற்றையடிப் பாதைகளை வேண்டுமென்றே அகலப்படுத்தாமல் வைத்திருந்தார்கள். ஆங்காங்கே முள்ளால் கதவு கட்டி, காவல் போட்டிருந்தார்கள். அந்தக் கதவைத் தாண்டப் பாஸ்போர்ட்டு வேண்டும். காகிதத்தில் அல்ல, களிமண்ணில் பதித்த முத்திரை! போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி வைத்த மனிதன் உருவம். கூலியாளுக்குக் காவடி போலக் கழியின் இரு முனையிலும் மூட்டை தொங்கவிட்ட உருவம். வெள்ளைக்காரனுக்கு இடுப்பில் வாளும் தலையில் தொப்பியும் உள்ள உருவம். எங்கள் ஊர்க்காரர்கள் பாஸ்போர்ட்டு ஆபீஸில் போட்டோ பிடித்துக்கொள்ளத் தலை வாரிக்கொண்டு நின்ற சேதியைக் கேட்டபோது, களிமண் முத்திரையில் கல்யாண விருந்தாளிக்கு என்ன உருவம் பதித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அட்சதைத் தட்டாக இருக்குமோ?

முள் கதவு நாட்டுக்குள்ளே. அதற்கு முன் கடல் இருக்கிறதே! கடல் டச்சுக்காரர் காவலில் இருந்தது. ஆகவே மதுரைப் பெண்ணை அழைத்து வருவதற்குக் கண்டி ராஜா டச்சுக்காரரிடம் கப்பல் கேட்கவேண்டியிருந்தது. டச்சுக்காரரும் கொடுத்தார்கள். அவர்களுக்கு அதில் லாபம் இருந்தது. இலங்கையின் கறுவாப்பட்டைக்காகத்தான் அவர்கள் அந்தத் தீவுக்கே வந்தவர்கள். நல்ல கறுவா கண்டி ராஜாவின் காடுகளிலும் இருந்தது; உரித்தெடுக்க வருஷா வருஷம் அவருடைய தயவு வேண்டும். ஒரு கல்யாணக் கோஷ்டியைக் கப்பலேற்றி அனுப்புவதால் அந்தத் தயவு கிடைக்குமானால் அது மலிவான வியாபாரம்தானே? அதோடு, தங்கள் கப்பலிலேயே ஏறி வந்தால் யார் வருகிறார்கள், எத்தனை பேர், என்ன கொண்டுவருகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். சம்பந்தி வீட்டாருக்கு வண்டி கொடுத்துவிட்டு வண்டிக்காரனிடம் வம்பு கேட்பது நம் ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

அந்த டச்சுக்காரர்களின் ஞாபகார்த்தம் எங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. எங்கள் காஞ்சிபுரம் சீமையைத் தொட்டுக்கொண்டு ஓடும் பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே, சதுரங்கப்பட்டினத்தில், அவர்கள் கட்டிய செங்கல் கோட்டை இடிபாடாக இன்னும் நிற்கிறது. துணி வாங்க வந்தவர்கள் கட்டியது. நெய்கிறவர்கள் இங்கே, கறுவா அங்கே, கப்பல் அவர்களுடையது.

இரண்டாம் ராஜசிங்கனுக்குப் பிறகு அவன் மகன் இரண்டாம் விமலதர்மசூரியனும், பேரன் வீர நரேந்திரசிங்கனும் மதுரைச் சீமையிலேயே பெண் எடுத்தார்கள். நரேந்திரசிங்கன் 1707 முதல் 1739 வரை ஆண்டான். அவனுக்குப் பட்டத்து ராணியிடம் பிள்ளை இல்லை. வாசகர்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தப் பழைய கதைதான் மறுபடியும் நடந்தது. உள்ளூர்ப் பெண் ஒருத்தியிடம் உனம்புவே என்ற பிள்ளை இருந்தான். தாய் ராஜ குலத்தவள் அல்ல என்பதால் அவனுக்குப் பட்டம் இல்லை என்றாயிற்று. பின் யாருக்கு? ராணியின் தம்பிக்கு! அக்காளின் கல்யாணத்தால் அந்த அரண்மனைக்கு உறவாகி, அங்கேயே தங்கிவிட்ட மைத்துனன், 1739-ல் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பேரோடு கண்டிச் சிம்மாசனத்தில் ஏறினான்.

நம் வீடுகளில் கல்யாணத்துக்கு வந்த மைத்துனன் ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்டால், "சாப்பாட்டுக்கு ஒரு இலை கூட" என்று முணுமுணுப்பார்கள். இங்கே ராஜ்யமே கைமாறிவிட்டது.

அந்த மைத்துனனும் மதுரைச் சீமையில்தான் பெண் எடுத்தான். இதற்குள் மதுரையின் நிலைமை தலைகீழாகிவிட்டிருந்தது. 1736-ல் சந்தா சாகிபு வஞ்சித்துக் கோட்டையைப் பிடிக்க, ராணி மீனாக்ஷி விஷம் குடித்து மாண்டாள். நாயக்கர் அரசு முடிந்தது. இக்கரையில் ராஜ்யம் போன மூன்றாம் வருஷம் அக்கரையில் ராஜ்யம் கிடைத்தது என்றால் இது விதியின் விசித்திரம் அல்லவா? புது ராணியின் தகப்பனார் நரேனப்பர் மகளைக் கொண்டுவிட்டுத் திரும்பிவிடவில்லை. குடும்பத்தோடு கண்டியிலேயே தங்கினார். சிறுவர்களான அவருடைய இரண்டு பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். ஊருக்குத் திரும்பி என்ன செய்வது? அங்கே நாயக்கர் கொடி இறங்கிவிட்டது.

ஸ்ரீ விஜய ராஜசிங்கனுக்கும் வாரிசு இல்லை. நரேனப்பரின் மூத்த பிள்ளை 1747-ல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆனான். 1782-ல் அவன் இறந்தபின் இளையவன் ராஜாதி ராஜசிங்கன் பட்டத்துக்கு வந்து 1798 வரை ஆண்டான். அக்காள் கல்யாணத்துக்கு வந்த தம்பிகள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஐம்பத்தொரு வருஷம் அந்த நாட்டை ஆண்டிருக்கிறார்கள். உறவினர்கள் குடியிருந்த வீதிக்கு மலபார் வீதி என்றே பேர் வந்தது.

விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனாக ஆகவேண்டுமென்றால் வீட்டுச் சாமியைக் கும்பிட வேண்டும். கீர்த்தி ஸ்ரீ அதை அறிந்தவன். இலங்கையில் பௌத்த பிக்ஷுக்களுக்கு முறைப்படி உயர் தீக்ஷை கொடுக்கத் தகுதியுள்ளவர்களே அப்போது இல்லாமற் போயிருந்தார்கள். டச்சுக் கப்பலின் உதவியோடு சயாம் தேசத்திலிருந்து உபாலி தேரரையும் மற்றப் பிக்ஷுக்களையும் வரவழைத்து 1753-ல் அந்தப் பரம்பரையை மீண்டும் ஏற்படுத்தினான். இன்றும் அங்கே சயாம் நிகாயம் என்ற பெரிய சங்கம் இருக்கிறது. கண்டிப் பெரஹராவில் புத்தரின் தந்ததாது யானை மேல் பவனி வருவது அவன் காலத்து ஏற்பாடுதான். தம்புள்ளைக் குகைக் கோயிலைப் புதுப்பித்தவனும் அவனே. பிறந்த சிங்களவர்கள் செய்யாததை வந்த நாயக்கன் செய்தான் என்று அந்நாட்டுப் பண்டிதர்களே போற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தும் என்ன? 1760-ல் சில பிரபுக்களும் பிக்ஷுக்களும் சேர்ந்து அவனைக் கொல்லச் சதி செய்தார்கள். பிரசங்கம் கேட்க வரும் ராஜாவுக்காகக் குழி வெட்டி, அதில் கூரான முளைகள் நட்டு, மேலே ஆசனம் போட்டு வைத்திருந்தார்களாம். சயாம் ராஜகுமாரன் ஒருவனைப் பட்டத்தில் வைக்க ஏற்பாடு. சதி வெளிப்பட்டது, ராஜா பிழைத்தான். அவன் மேல் அவர்கள் சொன்ன குற்றம் என்ன தெரியுமா? நெற்றியில் திருநீறு பூசிக்கொள்கிறான் என்பது!

தாயும் தகப்பனும் இட்டுப் பழக்கிய ஒரு சிட்டிகைச் சாம்பல். தந்ததாதுவுக்கு யானை கொடுத்தவனால் அதைத் துடைத்தெறிய முடியவில்லை. சதி செய்தவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பிறத்தியான் வீட்டில் உரிமையோடு நடமாடினால் வீட்டுக்காரனுக்கு உள்ளே ஒரு மூலையில் உறுத்தத்தான் செய்யும். அந்த உறுத்தலுக்கு ஒரு சாக்கு வேண்டும். நெற்றியைப் பார்த்ததும் கிடைத்துவிட்டது.

1798-ல் ராஜாதி ராஜசிங்கனும் பிள்ளை இல்லாமல் இறந்தான். முதல் மந்திரி பிலிமத்தலாவை, உறவுக்காரப் பையன் கண்ணுசாமி என்பவனைப் பதினெட்டு வயதில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக்கினார். பையன் தன் கைக்குள் இருப்பான் என்பது மந்திரியின் கணக்கு. கணக்குத் தப்பியது. பையன் வளர்ந்தான், மந்திரியின் தலையே போயிற்று. கண்டி நகரத்தின் அழகான ஏரியை வெட்டியவன் இந்த ராஜாதான். பிரபுக்கள் மேல் சந்தேகம் வளர வளரக் கொடுமைகள் மிகுந்தன. 1814-ல் எஹெலப்பொல என்ற பிரபு ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்டதற்காக அவருடைய மனைவியையும் குழந்தைகளையும் கொல்லச் செய்தான். அதற்குச் சமாதானம் சொல்ல ஒருவராலும் முடியாது, நானும் சொல்லப்போவதில்லை.

1815 பிப்ரவரி 18-ந் தேதி, மலைக்காட்டில் ஒளிந்திருந்த ராஜாவும் ராணிகளும் பிடிபட்டார்கள். பிடித்தவர்கள் ராணியின் காதிலிருந்த நகைகளைக் காது அறுபடப் பிடுங்கினார்கள் என்று சொல்வார்கள். மார்ச் 2-ந் தேதி கண்டி அரண்மனையின் மகுல் மடுவத்தில், அதாவது ராஜசபை மண்டபத்தில், ஆங்கிலேயருக்கும் பிரபுக்களுக்கும் உடன்படிக்கை ஆயிற்று. 'மகுல்' என்பது மங்கலம் என்ற சொல்லின் உருவம். சிங்களத்தில் கல்யாணத்துக்கும் அதே சொல்தான். கல்யாணத்தால் வந்த அரசு மங்கல மண்டபத்திலேயே முடிந்தது. உடன்படிக்கையில் சில பிரபுக்கள் இட்ட கையெழுத்தில் தமிழ் எழுத்து இருக்கிறது. மூன்றாவது ஷரத்து என்ன சொல்லிற்று? ராஜாவின் உறவினரான ஆண்கள் யாரும் கண்டி நாட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அனுமதி இல்லாமல் திரும்பக் கூடாது. 1739 முதல் 1815 வரை எழுபத்தாறு வருஷம், நாலு ராஜாக்கள். பத்திரிகை கொடுத்து அழைத்த வீட்டில், கடைசியில் கதவு அடைத்துவிட்டார்கள்.

இதற்குப் பிறகு அக்கரைக்குப் போனவர்கள் ராஜ குலத்தவர்கள் அல்ல. காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போன நம் ஏழை ஜனங்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போட் மெயில் ஓட ஆரம்பித்தது. தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கிக் கப்பலில் ஏறினால், தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் ஏறலாம். இக்கரையில் பெண், அக்கரையில் மாப்பிள்ளை என்பது அந்த ஐம்பது வருஷமும் சர்வ சாதாரணம். பெண்ணைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டுத் தை மாதம் சீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த தகப்பன்மார்கள் அநேகர்.

அந்த வழியும் அடைபட்டது. அதுவும் ஒரே வருஷத்தில் இரண்டு விதமாக. 1964 அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று பங்கு பிரித்தார்கள். பாட்டன் காலத்தில் போனவர்களையும் இன்னும் விருந்தாளிகள் என்றே கணக்கில் எழுதினார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மறு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அதே வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பாசஞ்சர் ரயில் ஒன்று அதிலிருந்த ஜனங்களோடு கடலில் போயிற்று. அதற்கப்புறம் ராமேசுவரத்திலிருந்து சில காலம் கப்பல் விட்டார்கள். இலங்கையில் யுத்தம் மூண்டதும் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில்தான் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் மறுபடி கப்பல் ஓட ஆரம்பித்தது.

தனுஷ்கோடி இருந்த காலத்திலேயே, 1960-களில், சாவி அவர்கள் 'வாஷிங்டனில் திருமணம்' என்று ஆனந்த விகடனில் தொடர்கதை எழுதினார். அப்பளம் இடும் பாட்டிகள் முதல் புரோகிதர் வரை எல்லோரையும் விமானத்தில் அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்று, தஞ்சாவூர்ப் பாணியில் கல்யாணம் நடத்தி வைத்தார். தமிழ் நாடே வயிறு வலிக்கச் சிரித்தது. நடக்கவே முடியாத விஷயம் என்பதனால்தான் சிரித்தது. இப்போது அது நடக்கிறது. சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு.

ஆகவே கடலைத் தாண்டிப் போய்க் கல்யாணம் செய்வது நமக்குப் புதிதல்ல. புதிது வேறு ஒன்று. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குக் கடல் தாண்டியவர்கள் அந்த மண்ணோடு சம்பந்தம் செய்துகொள்ளப் போனார்கள். அதன் நன்மையும் தீமையும் அவர்களையும் அவர்கள் வம்சத்தையும் சேர்ந்தன. இன்று நாம் அந்த மண்ணின் அழகுக்கு வாடகை கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் மாலையை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வருகிறோம். இது மட்டம் என்று சொல்ல மாட்டேன். இருபது வருஷம் புருஷன் முகம் பார்க்காமல் அரண்மனையில் கிடந்த அந்தப் பேர் தெரியாத ராணியைக் கேட்டால், திரும்பி வரும் டிக்கெட்டோடு போவதே மேல் என்றுதான் சொல்லுவாள். ஆனால் கடற்கரை ஹோட்டலுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கிக் கண்டிக்கும் போய், அந்த ஏரிக்கரையில் சற்று நின்றுவிட்டு வந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கண்டிவரை போக முடியாதவர்கள் வேலூருக்குப் போகலாம். வேலூர்க் கோட்டைக்கும் கல்யாணத்துக்கும் ஏற்கெனவே ஒரு பொல்லாத உறவு உண்டு. 1806 ஜூலையில் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்ததற்கு முந்தின நாள் அங்கே நடந்தது திப்பு சுல்தானின் மகள் ஒருத்தியின் கல்யாணம்தான்; விருந்துக்கு வந்த கூட்டத்தோடு கிளர்ச்சிக்காரரும் கூடினார்கள் என்பார்கள். அதன் பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோட்டைக்குத்தான் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வந்து சேர்ந்தான். 1816 ஜனவரி 24-ந் தேதி கொழும்பில் அவனையும் ராணிகளையும் உறவினரையும் ஆங்கிலேயரின் 'கார்ன்வாலிஸ்' கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். மதுரைப் பெண்களைக் கல்யாணத்துக்கு ஏற்றிச் சென்றவை டச்சுக் கப்பல்கள். அந்த வம்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது இங்கிலீஷ் கப்பல்.

பதினாறு வருஷம் அவன் அந்தக் கோட்டையில் கைதியாக இருந்தான். அங்கே அவனுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நாலு ராஜாக்களின் காலத்திலும் எந்தப் பட்டத்து வாரிசுக்காகக் கண்டி ஏங்கிற்றோ, அந்த வாரிசு சிம்மாசனம் போனபிறகு வேலூரில் பிறந்தது. 1832 ஜனவரி 30-ந் தேதி ராஜா காலமானான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது. பிற்காலத்தில் தமிழ் நாட்டு அரசாங்கம் அதைச் சுற்றி முத்து மண்டபம் கட்டியிருக்கிறது. இலங்கையின் கடைசி ராஜாவைப் பார்க்க அந்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அங்கே பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். நம்மவர்கள் அதிகம் போவதில்லை. மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் அந்தச் சமாதியைக் கடந்து வரும் தண்ணீர்தான் எங்கள் சீமைக்கு வந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலில் விழுகிறது.